பாரிமுனையில் விற்கும் ‘செரட்டோனின் மூலிகை’: ஒரு மருந்துக் கடைக்காரரின் மதிப்புரை

வடசென்னையில் கோடாலித் தைலமோ டைகர் பாமோ இல்லாத வீட்டு அலமாரியைக் காண்பது அரிது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவுக்காரர்கள் உள்ளவர்கள், பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடிப் பக்கம் குடியேறியவர்கள் என்று பல வழிகளில் கிழக்காசிய மருந்துகள் இந்தப் பகுதிக்கு இரண்டு மூன்று தலைமுறைகளாக வந்துகொண்டிருக்கின்றன. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தேய்த்துத் தேய்த்து வளர்ந்த அந்த நம்பிக்கையின் மேல் இப்போது வேறொரு சரக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. பாரிமுனைப் பக்கம் வெளிநாட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு சிறு கடையில், வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்த சீன மூலிகை மாத்திரை ஒன்று, மனச்சோர்வுக்கு மருந்து என்று விற்கப்படுகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் மனநல மருந்துகள் வாங்க வருகிறவர்களில் சிலர் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டி, இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்கத் தொடங்கியதால், நானே சென்று ஒன்றை வாங்கி, பிரித்துப் பார்த்து, படிக்க வேண்டியதைப் படித்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மாத்திரையின் பெயர் சியாவ் யாவ் வான். ஒரு பாட்டிலில் 200 மாத்திரைகள் இருக்கின்றன. விலை 850 ரூபாய். மூடியைத் திறந்தால் பஞ்சு, அதன் கீழே மிளகைவிடச் சிறிய, கரும்பழுப்பு நிற உருண்டைகள். ஒன்றை நாக்கில் வைத்தால் முதலில் அதிமதுரத்தின் இனிப்புத் தெரிகிறது. கரையக் கரைய லேசான கசப்பும் காரமும் மேலெழுகின்றன. மூக்கருகில் கொண்டுபோனால் செலரிக் கீரையை நினைவூட்டும் ஒரு வாசனை வருகிறது. ஈரம் ஏறாமல், உடையாமல், ஒரே அளவில் உருட்டியிருக்கிறார்கள். தயாரிப்பு நேர்த்தியில் குறை சொல்ல எதுவும் இல்லை. வேளைக்கு 8 மாத்திரை வீதம் நாளைக்கு மூன்று வேளை சாப்பிட வேண்டும் என்பதால் ஒரு பாட்டில் எட்டு நாளைக்குத்தான் வரும். மாதச் செலவு 3,000 ரூபாயைத் தாண்டும். மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை மாதத்துக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லாமல் கிடைக்கிறது.

பாட்டிலோடு இரண்டு தாள்கள் வருகின்றன. முதலாவது, தயாரிப்பாளரே பெட்டிக்குள் மடித்து வைத்த, சீனத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட விளக்கத்தாள். இரண்டாவது, கடைக்காரர் தமிழில் தட்டச்சு செய்து, நகலெடுத்து, பெட்டியின் மேல் ஸ்டேப்ளர் முள் அடித்து இணைத்த அரைப்பக்கத் தாள். இந்த இரண்டு தாள்களும் ஒரே மருந்தைப் பற்றிப் பேசுவதாகவே தோன்றாது. மாத்திரையைவிட இந்தத் தமிழ்த்தாளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம்.

தயாரிப்பாளரின் தாள் அடக்கமாகவே பேசுகிறது. கல்லீரலின் ஓட்டம் தடைப்பட்டு மண்ணீரல் வலுவிழந்ததால் வரும் மனக்கசப்பு, விலாப்புறத்தில் இறுக்கமும் வலியும், தலைசுற்றல், பசியின்மை, ஒழுங்கற்ற மாதவிடாய் ஆகியவற்றுக்கு இது தரப்படும் என்று மட்டும் அது சொல்கிறது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும் என்கிறது. மருந்து சாப்பிடும் நாட்களில் மனத்தை உற்சாகமாக வைத்துக்கொள்ள வேண்டும், கோபப்படக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறது. மனச்சோர்வு நோயின் பிடியில் காலையில் பாயைவிட்டு எழவே முடியாமல் கிடக்கும் ஒருவரால் இந்த அறிவுரையைப் பின்பற்ற முடியாது. தயாரிப்பாளர் மனத்தில் வைத்திருக்கும் நோயாளி அவரல்லர் என்பதை இந்த ஒரு வரியே எனக்குத் தெளிவாக்கிவிட்டது.

தமிழ்த்தாளோ, ‘மூளையில் செரட்டோனின் சுரப்பை இயற்கையாகக் கூட்டும்; மூளை ரசாயனக் குறைபாட்டை வேரோடு நீக்கும்; பக்கவிளைவு இல்லை; தூக்க மாத்திரையும் டிப்ரஷன் மாத்திரையும் இனித் தேவையில்லை’ என்கிறது. இந்த வரிகளில் ஒன்றுகூடத் தயாரிப்பாளரின் தாளில் இல்லை. (செரட்டோனின் என்பது நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் ஒரு தூதுப்பொருள்.)

இந்த மருந்துக் கூட்டு மிகப் பழமையானது என்பதில் ஐயம் வேண்டாம். சோங் அரசமரபின் காலத்தில், ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், அரசு மருந்தகங்களுக்காகத் தொகுத்த மருந்துமுறைகளில் இது இடம்பெற்றது. சாய் ஹு என்னும் வேர், தாங் குய் என்னும் ஏஞ்சலிக்கா வேர், வெள்ளைப் பியோனியின் வேர், பாய் ஜூ என்னும் கிழங்கு, பைன் மரவேர்களில் வளரும் ஃபு லிங் என்னும் பூஞ்சை, அதிமதுரம், இவற்றோடு கொதிக்கும்போது சேர்க்கும் இஞ்சியும் ஒருவகைப் புதினாவும் ஆக எட்டுப் பொருட்கள் இதில் அடங்கும். அதிமதுரமும் இஞ்சியும் புதினாவும் நமக்கும் பழக்கமானவை. ராசப்பச் செட்டித் தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் அதிமதுரம் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். சீன மருத்துவத்தின் கணக்குப்படி, ‘சி’ என்னும் உயிரோட்டத்தை உடல் முழுவதும் தடையில்லாமல் ஓடவிடுவது கல்லீரலின் வேலை. அடக்கிவைத்த கோபமும் வெளியே சொல்ல முடியாத துக்கமும் அந்த ஓட்டத்தைத் தடுக்கும். தடைப்பட்ட கல்லீரல் மண்ணீரலை வருத்தும். அதனால் பசி போகும், உடல் சோரும், பெருமூச்சு வரும். இங்கே சொல்லப்படும் கல்லீரலை நாம் ஸ்கேனில் பார்க்கும் கல்லீரலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று சொல்லும்போது காற்றையும் நெருப்பையும் சளியையும் மட்டும் குறிப்பதில்லை அல்லவா, அதைப் போலத்தான். இந்த மருத்துவத்தில் தேர்ந்த ஒருவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, தூக்கத்தையும் பசியையும் விசாரித்து, அதன்பிறகு இந்தக் கூட்டில் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து எழுதுவார். உள்ளே சூடு அதிகம் என்று கண்டால் இதனோடு இன்னும் இரண்டு சரக்குகளைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. எல்லோருக்கும் ஒரே பாட்டிலை எடுத்துக்கொடுப்பது அந்த மருத்துவத்தின் முறையே ஆகாது. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றி, சீன மருத்துவர்கள் பதிவு பெற்ற பிறகே சிகிச்சை அளிக்க முடியும் என்று வைத்துவிட்டார்கள். பாரிமுனையில் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொடுப்பவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அளவையும் கவனிக்க வேண்டும். 8 மாத்திரைகள் 3 கிராம் உலர்ந்த மூலிகைக்குச் சமம் என்று விளக்கத்தாள் சொல்கிறது. அப்படியானால் நாள் முழுவதற்கும் சேர்த்து 9 கிராம். அதை எட்டுப் பொருட்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. சீன மருத்துவர்கள் கஷாயமாகக் காய்ச்சிக் கொடுக்கும்போது சாய் ஹு என்னும் ஒரு வேர் மட்டுமே ஏறத்தாழ அந்த அளவுக்கு இருக்கும். ஆகவே, கஷாயத்தை வைத்து நடத்திய ஆய்வுகளின் பலனை இந்த மாத்திரையின் கணக்கில் அப்படியே எழுதிவிட முடியாது.

இனி, செரட்டோனினுக்கு வருவோம். செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததே 1948இல்தான். மூளையிலும் அது இருக்கிறது என்று கண்டது 1953இல். சோங் காலத்து மருத்துவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் அப்படி உரிமை கொண்டாடவும் இல்லை. அந்தப் பழைய மருந்துக்கு நவீனச் சட்டை மாட்டிவிட்டவர்கள் பிற்காலத்து வியாபாரிகள். அந்தச் சட்டையும் மருந்துக்குப் பொருந்தவில்லை. நம் உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில் இருக்கிறது. அது மூளைக்குள் நுழைய முடியாது, ஏனெனில் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினை டிரிப்டோஃபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. எனவே, ரத்தப் பரிசோதனையில் வரும் செரட்டோனின் அளவை வைத்து ஒருவருடைய மூளைக்குள் அது கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. வாங்கியவர்களில் எவருக்கும் அளந்து பார்க்காத ஒன்றைக் ‘கூட்டும்’ என்று அந்தத் தாள் உறுதி கூறுகிறது.

இந்த ‘ரசாயனக் குறைபாடு’ என்னும் கருத்து பிறந்த கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அந்தக் கதையே பதில் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் பாட்டிலை வாங்கியபோது, இதைச் சாப்பிட்டால் வேறு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். “சார், இது கெமிக்கல் கிடையாது, ஃபுல்லா மூலிகை. ஒண்ணும் பண்ணாது. இங்கிலீஷ் மாத்திரைய மெதுமெதுவா விட்டுடலாம்” என்றார்.

மூலிகை ஒன்றும் செய்யாது என்பதை நம்புகிறவர்கள் சர்ப்பகந்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மனக்கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த வேர் அது. அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு மனநோயிலும் பயன்படுகிறது என்று 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் எழுதினார்கள். பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் இங்கிலாந்தின் இதயநோய் இதழில் தம் நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டதும் மேலைநாட்டு மருத்துவர்களின் கவனம் இந்த வேரின் பக்கம் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பைன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் கொதிப்புக்கு அது உலகெங்கும் பரவியபோது, சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். விலங்குகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய தூதுப்பொருட்களின் சேமிப்பு காலியாவதைக் கண்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட் என்னும் மருந்து நோயாளிகளின் மனநிலையை எதிர்பாராத வகையில் உயர்த்தியது. அது அதே வேதிப்பொருட்கள் சிதைவதைத் தடுப்பது பிறகு தெரிந்தது. இந்த இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சிட்டதில் பிறந்ததுதான், இந்த வேதிப்பொருட்கள் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் அமைன் கொள்கை; 1965இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜோசப் ஷில்ட்கிராட் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. ஆக, மூளையின் வேதியியலையே கலைத்துப்போடும் வலு ஒரு வேருக்கு உண்டு என்பதை உலகத்துக்குக் காட்டியதே நம் மூலிகைதான். மூலிகை என்பதாலேயே ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர் மூலிகையையும் அறியாதவர், மருந்தையும் அறியாதவர்.

அந்தக் கொள்கையும் அதன்பிறகு அப்படியே நிற்கவில்லை. 1987இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளூக்ஸெடின் என்னும் மனச்சோர்வு மருந்தும் அதன் வழிவந்த மருந்துகளும், நரம்பு முனை செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சுவதைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகின்றன. ஆனால் நோயாளிக்கு மனம் லேசாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகின்றன. குறைந்ததை நிரப்பினால் போதும் என்பது உண்மையானால் இந்தத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. இடையில் நரம்புகள் தங்களை மாற்றி அமைத்துக்கொள்கின்றன, புதிய இணைப்புகள் உண்டாகின்றன, அதற்கு மூளையில் சுரக்கும் பி.டி.என்.எஃப் என்னும் வளர்ச்சிப் புரதம் துணை செய்கிறது என்ற விளக்கம் இப்போது வலுப்பெற்றிருக்கிறது. நீண்டநாள் மனநெருக்கடியில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் ஓயாமல் சுரப்பது, உடலில் அழற்சி நீடிப்பது, குளூட்டமேட் என்னும் மற்றொரு தூதுப்பொருளின் போக்கு ஆகியவையும் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. குளூட்டமேட் வழியே வேலை செய்யும் எஸ்கீட்டமைன் என்னும் மனச்சோர்வு மருந்துக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. 2022இல் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜோனா மான்கிரீஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும், செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு இசைவான சான்று இல்லை என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு மாத்திரைகளே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் மாறலாம். அது வேலை செய்கிறதா என்பதை, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுத் தனியே சோதித்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களே இவ்வளவு எச்சரிக்கையோடு பேசும் ஒரு விஷயத்தை, ‘ரசாயனக் குறைபாட்டை வேரோடு நீக்கும்’ என்று அரைப்பக்கத் தாளில் முடித்துவிடுகிறார் நம் கடைக்காரர்.

சியாவ் யாவ் கூட்டைப் பற்றி ஆய்வுகளே இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எலிகளைக் கொண்டு செய்தவை. கூண்டைச் சாய்த்து வைப்பது, படுக்கைத் தூளை நனைப்பது, இரவையும் பகலையும் மாற்றுவது என்று வாரக்கணக்கில் எலிகளைத் தொந்தரவு செய்வார்கள். பிறகு அவை சர்க்கரைத் தண்ணீரை முன்போல் விரும்பிக் குடிக்கின்றனவா, தண்ணீர்த் தொட்டியில் விட்டால் நீந்த முயல்கின்றனவா, அசையாமல் மிதக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நீச்சல் சோதனையை 1977இல் ரோஜர் போர்சோல்ட் வகுத்தார். மூலிகை கொடுத்த எலிகள் கூடுதல் நேரம் நீந்தின, அவற்றின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியை எடுத்து அளந்தபோது செரட்டோனினும் பி.டி.என்.எஃப் புரதமும் உயர்ந்திருந்தன என்பது போன்ற முடிவுகள் வந்திருக்கின்றன. சாய் ஹுவில் உள்ள சைக்கோசாப்போனின், பியோனியில் உள்ள பியோனிஃப்ளோரின் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சோதிக்கிறார்கள். இவை மதிக்கத்தக்க தொடக்கங்கள். ஆனால் கூண்டு எலியின் சோர்வும், வேலை போய், வட்டிக் கடன் ஏறி, தூக்கம் கெட்டு, வாழ்வதில் அர்த்தமில்லை என்று நினைக்கும் ஒரு மனிதரின் சோர்வும் ஒன்றாகிவிட மாட்டா. எலியிடம் பலித்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் பலிக்காமல் போயிருக்கின்றன.

மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகளுக்கு வந்தால், 2012இல் வெளியான ஒரு திறனாய்வு இந்தக் கூட்டைப் பற்றிய 26 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. வழக்கமான மனச்சோர்வு மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிடக் கூடுதல் பலன் தெரிந்ததாக அது குறிப்பிட்டது; கூடவே, அந்த ஆய்வுகளின் தரம் பொதுவாகக் குறைவு என்றும் எச்சரித்தது. யார் எந்த மருந்தைச் சாப்பிடுகிறார் என்பதை மறைக்காமல் நடத்திய ஆய்வில், சேர்த்துச் சாப்பிட்டவரின் எதிர்பார்ப்பே பலனில் ஒரு பங்காகிவிடும். மனச்சோர்வில் இந்த எதிர்பார்ப்பின் பங்கு பெரியது. இதில் நான் அடிக்கோடிட விரும்புவது ஒன்றுதான். கிடைத்திருக்கும் சான்றுகளில் சற்றேனும் நம்பிக்கை தருவது, டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் இதையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களைப் பற்றியது. கடைக்காரரின் தாளோ டாக்டர் மாத்திரையை விடச் சொல்கிறது.

அப்படி விட்டவரின் தாயார் ஒருவர் தண்டையார்பேட்டையிலிருந்து என் கடைக்கு வந்தார். “அண்ணே, பையன் ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டு இதத்தான் சாப்புடுறான். தல சுத்துதுன்றான், தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குதுன்றான், எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான். இந்த மூலிகை ஒடம்புக்கு ஒத்துக்கலையாண்ணே?” என்று கேட்டார். மூலிகையின் மேல் பழி போட வேண்டியதில்லை. பல மாதங்களாகச் சாப்பிட்டுவந்த எஸ்சிட்டலோப்ராமைத் திடீரென்று நிறுத்தினால் வரக்கூடிய அறிகுறிகள்தான் அவை அனைத்தும். தலைசுற்றல், குமட்டல், மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு, எரிச்சல், கலைந்த தூக்கம் என்று சில நாட்களுக்குள் தொடங்கும். அதே வகை மருந்தான பாரக்ஸெடினில் இது கடுமையாகவும், உடலில் நீண்ட நாள் தங்கும் ஃபுளூக்ஸெடினில் குறைவாகவும் இருக்கும். இதை நோய் முற்றிவிட்டதாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த அம்மாவைப் போல மூலிகையைக் குறை சொல்பவர்களும் உண்டு. இதைவிடப் பெரிய ஆபத்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து உண்மையிலேயே நோய் திரும்பும்போது வருகிறது. அப்போது கையில் மருந்தும் இருக்காது, மருத்துவரிடம் போய்ச் சொல்லத் தயக்கமும் இருக்கும். அவரை அன்றே மகனை அழைத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போகச் சொல்லி அனுப்பினேன். போனார்கள் என்பதில் எனக்கு நிம்மதி.

தாளில் உள்ளது உண்மையென்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இந்த மாத்திரை மூளையில் செரட்டோனினை வலுவாகக் கூட்டுமானால், அதை எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ப்பது ஆபத்தாகிவிடும்; செரட்டோனின் அளவுக்கு மீறினால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். ஆக, தாளில் உள்ள முதல் வரி உண்மையானால் ‘பக்கவிளைவு இல்லை’ என்னும் வரி பொய்யாகிறது. எழுதியவர் இதை யோசித்ததற்கான அடையாளம் அந்தத் தாளில் இல்லை.

பக்கவிளைவுகள் என்று பார்த்தால், எங்கள் பகுதி வாடிக்கையாளர்களை வைத்து முதலில் அதிமதுரத்தைச் சொல்வேன். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு, மாதக்கணக்கில் தினமும் உள்ளே போவது வேறு. அதில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். இந்த மாத்திரையில் அதன் அளவு சிறிது என்றாலும், ரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ அசினோகுமராலோ சாப்பிடுகிறவர்கள் தாங் குய் சேர்ந்த எதையும் தொடக் கூடாது. ரத்தம் உறையாத தன்மை கூடி உள்ளே கசிவு ஏற்படலாம். சாய் ஹு சேர்ந்த மருந்துகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஜப்பானில் 1990களில், சாய் ஹுவை முதன்மையாகக் கொண்ட வேறொரு கூட்டைக் கல்லீரல் நோயாளிகள் சாப்பிட்டபோது, குறிப்பாக இன்டர்ஃபெரான் ஊசியோடு சேர்ந்தபோது, நுரையீரல் அழற்சியால் இறப்புகள் நேர்ந்து அரசு எச்சரிக்கை விடுக்க வேண்டியதாயிற்று.

பாட்டிலுக்குள் இருப்பது பெட்டியில் எழுதியிருப்பதுதானா என்பது இன்னொரு கேள்வி. வேராக இருந்தால் உடைத்தும் முகர்ந்தும் பார்க்கலாம்; கரும்பழுப்பு உருண்டையில் எதைக் கண்டுபிடிப்பது? பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடல் மெலிய வைக்கும் சிகிச்சையில் ஸ்டெஃபானியா என்னும் சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா வகைச் செடி கலந்துவிட்டதால், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதடைந்தது. நம் ஊரில் ஆடுதீண்டாப்பாளை என்று அழைக்கப்படும் செடியும் அந்தக் குடும்பமே. இந்த மாத்திரையில் அப்படி ஏதோ இருக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் இந்தியாவில் இறக்குமதியாகும் மருந்தின் பெட்டியில் இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். நான் வாங்கிய பெட்டியில் அவை இல்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தம், சோவா ரிக்பா, ஹோமியோபதி ஆகியவற்றில் சீன மூலிகை மருத்துவத்துக்கு இடமில்லை. ரசீது கேட்டேன், கடையின் பெயர் இல்லாத துண்டுத்தாளில் ‘ஹெர்பல்’ என்று எழுதி விலையைப் போட்டுக் கொடுத்தார்கள். நாளைக்கு ஏதாவது நேர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு அந்தப் பெட்டியிலும் பதில் இல்லை, ரசீதிலும் பதில் இல்லை.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். கேட்ட கேள்விகளுக்கு முகம் சுளிக்கவில்லை. அந்தத் தமிழ்த்தாளை எடுத்துவிடுங்கள், குறைந்தது டாக்டர் மாத்திரையை விடச் சொல்லும் வரியையாவது நீக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பார்க்கலாம் சார் என்றார். பிறகு அந்தப் பக்கம் போனபோது அதே தாள் பெட்டிகளின் மேல் இருந்ததால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதியிருக்கிறேன்.

ஐந்துக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டுமானால், மாத்திரையின் தயாரிப்புக்கு 3, விலைக்கு 1, விற்கும் முறைக்குப் பூஜ்யம். சீன மருத்துவத்தின் மேல் உண்மையான ஆர்வம் உள்ளவர்களும் இந்தப் பாட்டிலை இந்தக் கடையில் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. 2015இல் சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் இதே சீன மருத்துவ மரபிலிருந்து வந்ததுதான். பழைய ஏட்டில் படித்த குறிப்பை வைத்துச் செடியிலிருந்து பொருளைப் பிரித்து, முதலில் தாங்களே சாப்பிட்டுப் பார்த்து, மலேரியா நோயாளிகளிடம் சோதித்து நிறுவினார்கள். அந்த உழைப்புக்குத் தர வேண்டிய மதிப்பை இந்த நகல் தாளுக்குத் தர முடியாது.

ஏற்கெனவே வாங்கிச் சாப்பிடத் தொடங்கிவிட்டவர்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்திவிட்டவர்கள் தாங்களாகத் திரும்பத் தொடங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது பாட்டிலையும் பெட்டியையும் இரண்டு தாள்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ‘ஏதோ மூலிகை’ என்று வாயால் சொன்னால் மருத்துவருக்குப் பயன்படாது. ரத்தக் கொதிப்பு, இதயம், கல்லீரல் தொடர்பான மருந்துச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். எங்கள் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கம். பெரம்பூர், அயனாவரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் எட்டும் தூரம். இரண்டிலும் ஆலோசனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் வெளிநோயாளர் பிரிவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.